'மீளத்தக்கது' என்ற சொல்லின் வரலாறு: மூளையில் பதித்த கருவியைப் பெயர்த்தெடுத்தல்

ஆழ்மூளைத் தூண்டல் என்னும் சிகிச்சை முறை 'மீளத்தக்கது' என்ற ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டே வளர்ந்தது. அதற்கு முன்பு, தீராத கை நடுக்கத்துக்கு மூளையின் தலாமஸ் பகுதியில் ஒரு சிறு புள்ளியைச் சுட்டழிப்பதே அறுவை மருத்துவத்தின் வழியாக இருந்தது. சுட்டது சுட்டதுதான், பிழை நேர்ந்தால் திருத்த இயலாது. 1987இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் அலிம்-லூயி பெனபிட், பியேர் போலாக் ஆகியோரின் குழு, அதே இடத்தில் நிலையான மின்முனையைப் பதித்து, உயர் அதிர்வெண் மின்துடிப்பால் நடுக்கத்தை அடக்கியது. மின்னோட்டத்தை நிறுத்தினால் நடுக்கம் திரும்பியது. அவ்வாறு திரும்பியதே புதிய முறையின் பாதுகாப்புக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. 1997இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நடுக்கத்துக்கு இம்முறையை ஏற்றது. 2002இல் பார்க்கின்சன் நோய்க்கும் விரிவுபடுத்தியது.

இங்கு மீள்வதாகக் கருதப்பட்டது மூளைத் திசு. அறுவை அரங்கில் அச்சொல் அப்போதே முழு உண்மையாக இருக்கவில்லை. காறை எலும்பின் கீழ் மின்கலப் பெட்டி, கழுத்தின் தோலுக்கடியில் இணைப்புக் கம்பி, மண்டையோட்டுத் துளை வழியே மூளைக்குள் இறங்கும் மின்முனை ஆகிய மூன்றும் சேர்ந்ததே கருவி. கிருமித்தொற்று ஏற்பட்டாலோ கம்பி முறிந்தாலோ பயன் கிட்டாவிட்டாலோ அதை எடுக்க நேரிடும். ஆண்டுகள் செல்லச் செல்ல இணைப்புக் கம்பியைச் சுற்றி நார்த்திசு உறைபோல் இறுகிவிடும். மூளைக்குள் இருக்கும் பகுதியை இழுக்கையில், அரிதாகவேனும், இரத்தக்கசிவு நேரலாம். எனவே பெட்டியை மட்டும் அகற்றிவிட்டு, மின்முனையை உள்ளேயே விட்டுவிடுவதும் உண்டு. அவ்வாறு எஞ்சிய கம்பி, பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுப்பதற்குத் தடையாகலாம்.

மனச்சோர்வு நோய்க்கு இச்சிகிச்சை வந்தபோது சிக்கல் வேறு தளத்துக்கு நகர்ந்தது. 2005இல் டொராண்டோவில் ஹெலன் மேபெர்க், ஆந்திரேஸ் லொசானோ குழுவினர் ஆறு நோயாளிகளுக்குக் கருவி பதித்து, நால்வரிடம் நீடித்த முன்னேற்றம் கண்டதாக வெளியிட்டனர். அதைத் தொடர்ந்து அமெரிக்காவில் செயின்ட் ஜூட் மெடிக்கல் நிறுவனம் நடத்திய பெரும் ஆய்வு, 2013இல், வெற்றி வாய்ப்புக் குறைவு என்ற இடைக்காலக் கணக்கீட்டுக்குப் பின் நிறுத்தப்பட்டது. 2017இல் வெளியான 90 பேரின் முடிவுகளில் ஒரு முரண் தெரிந்தது. ஆறு மாத முடிவில், மின்னோட்டம் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் தூண்டல் தொடர்ந்தபின், இரண்டாண்டு அளவில் ஏறக்குறையப் பாதிப்பேர் நலம் கண்டிருந்தனர்.

இந்தப் பாதிப்பேரின் நிலையைத்தான் ஆய்வறம் முன்கூட்டி எண்ணியிருக்கவில்லை. ஆய்வு முடிந்தபின் பங்கேற்றோருக்குரிய சிகிச்சை பற்றி ஹெல்சிங்கிப் பிரகடனம் 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பேசியது. 2013இல் அதை விரித்தது. இரண்டிலும், சிகிச்சை பயனுள்ளது என்று அந்த ஆய்வே கண்டறிந்திருக்க வேண்டும். கூட்டுக்கணக்கில் தோற்ற ஓர் ஆய்வில் தனிமனிதர் ஒருவர் தேறியிருந்தால், அவர் அவ்வாசகத்துக்கு வெளியே நிற்கிறார். மாத்திரையாயின் அது நின்றுபோவதோடு முடியும். இவருக்கோ தலைக்குள் கம்பி இருக்கிறது. நெஞ்சில் சில ஆண்டுகளில் தீரப்போகும் மின்கலம் இருக்கிறது.

மெல்போர்னில் நடந்தது இதனினும் கூர்மையானது. அங்குப் பதிக்கப்பட்ட கருவி மூளையைத் தூண்டவில்லை, செவிமடுக்க மட்டுமே செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சியாட்டிலைச் சேர்ந்த நியூரோவிஸ்டா நிறுவனத்தின் அக்கருவி 2010 முதல் வலிப்பு நோயாளிகள் 15 பேருக்குப் பதிக்கப்பட்டது. வலிப்பு வரும் வாய்ப்பை அது கையடக்கப் பெட்டி ஒன்றில் சிவப்பு, வெள்ளை, நீல விளக்குகளால் காட்டியது. குழந்தைப் பருவம் முதல் வலிப்போடு வாழ்ந்த ஒரு பெண்மணி, எச்சரிக்கை கண்டதும் மருந்தெடுத்து, முதன்முறையாக அச்சமின்றி நடமாடினார். பின்னர் நிறுவனத்தின் நிதி வற்றியது. கருவியை எடுத்துவிடுமாறு அறிவுறுத்தப்பட்டது. அவரும் கணவரும் வீட்டை மறு அடமானம் வைத்தேனும் கருவியை விலைக்கு வாங்க முயன்றனர். அது கைகூடவில்லை. கருவி அகற்றப்பட்டது. அறுவையில் குறையேதும் இல்லை. மருத்துவப் பொருளில் அவர் முழுமையாக 'மீண்டார்'. அவரோ தம்மையே இழந்துவிட்டதாக ஆய்வாளர்களிடம் கூறினார்.

பிரெடெரிக் கில்பர்ட், மார்செல்லோ இயென்கா, மார்க் குக் ஆகியோர் 2023இல் எழுதிய கட்டுரை, இத்தகைய அகற்றம் மனித உரிமை மீறலாகுமா என்று வினவுகிறது. மார்க் குக் அந்த மெல்போர்ன் ஆய்வையே முன்னின்று நடத்திய நரம்பியல் மருத்துவர் என்பது கவனிக்கத்தக்கது. நரம்பு உரிமைகளில் முன்னோடியாகப் பேசப்படும் சிலி நாட்டின் 2021ஆம் ஆண்டு அரசமைப்புத் திருத்தம், மூளையின் செயற்பாட்டையும் அதிலிருந்து பெறப்படும் தகவலையும் காக்கிறது. பதித்த கருவி எவருடையது என்பதை அது சொல்லவில்லை.