வேளாண் நில வரிச்சலுகை: பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைப்பகுதி

கேரளத்தின் தென்கோடியில், களியக்காவிளையை ஒட்டிய இவ்வூர்களில் வீட்டுமனைக்கும் வாழைத்தோட்டத்துக்கும் நிலவரி ஒரே அளவுகோலில்தான் விதிக்கப்படுகிறது. ‘கரம்’ எனப்படும் இவ்வரி, நிலத்தின் பரப்பையும் அது அமைந்த உள்ளாட்சியையும் பொறுத்தது; பயிரைப் பொறுத்ததன்று. விவசாயிக்கான சலுகைகள் வேறு சட்டங்களிலும் திட்டங்களிலும் இருக்கின்றன.

இந்தச் சீரான வரியின் வேர் திருவிதாங்கூர் ஆட்சியில் உள்ளது. 1946-இல் அவ்வரசு, நிலத்துக்கு நிலம் வேறுபட்ட பழைய தீர்வைகளை நீக்கி, ஏக்கருக்கு 14 சக்கரம், அதாவது அரைத் திருவிதாங்கூர் ரூபாய், என்ற சீரான அடிப்படை வரியைக் கொண்டுவந்தது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு உள்ளிட்ட தென்வட்டங்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அதன்பின் எல்லையின் கேரளப் புறத்தில் தண்டப்பேரும் (நில உரிமைக் கணக்கு) கரமும், மறுபுறம் பட்டாவும் பசலியும் (வருவாய் ஆண்டு) வழங்கலாயின.

விளைச்சலைப் பாராமல் வரி விதிப்பது நியாயமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஏக்கருக்கு 2 ரூபாய் விதித்த சட்டத்தை மூப்பில் நாயர் வழக்கில் நீதிமன்றம் செல்லாததாக்கியது: பலன் தராத காட்டுக்கும் வளமான வயலுக்கும் ஒரே வரி என்பது சமத்துவத்துக்கு முரண் என்றது. கேரளம் 1961-இல் புதிய நிலவரிச் சட்டம் இயற்றியது. 1964-இல் அது, அடிப்படை உரிமை மீறல் என்ற சவாலிலிருந்து சட்டங்களைக் காக்கும் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் இடம்பெற்றது.

2025 ஏப்ரல் முதல் கிராமப் பஞ்சாயத்துகளில் 8.1 ஆர் (சுமார் 20 சென்ட்) வரையிலான நிலத்துக்கு ஆருக்கு 7.50 ரூபாய், அதற்கு மேல் 12 ரூபாய். நகராட்சிகளிலோ 2.43 ஆருக்கு மேற்பட்ட நிலத்துக்கு ஆருக்கு 22.50 ரூபாய். ஆகவே, ஒரே அளவு மரச்சீனித் தோட்டத்துக்குப் பாறசாலைப் பஞ்சாயத்தைவிட நெய்யாற்றின்கரை நகராட்சியில் கரம் கூடுதல்.

இச்சுமையை ஓரளவு ஈடுசெய்பவை இரண்டு. விவசாய வருமானத்துக்கு மத்திய வருமானவரி இல்லை. நெல்வயலைப் பேணும் உரிமையாளருக்குக் கேரள அரசு 2020-இல் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்து, பின்னர் அதை 3,000 ஆக்கியது.

நிலத்தை விற்கும்போது தூரமும் கணக்கில் வரும். மக்கள்தொகை பத்தாயிரத்துக்கு மேல் ஒரு லட்சம் வரையுள்ள நகராட்சிக்குள்ளோ அதன் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டருக்குள்ளோ இருக்கும் வயலுக்கு, கிராமப்புற விவசாய நிலத்துக்கான மூலதன ஆதாய விலக்கு கிடையாது. சுமார் எழுபதாயிரம் பேர் வாழும் நெய்யாற்றின்கரை இவ்வகையில் அடங்குகிறது. அதன் விளிம்பில் நிலம் விற்போர், பத்திரப் பதிவுக்கு முன்பே அந்த 2 கிலோமீட்டரை நேர்கோட்டுத் தூரமாக அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.