புரோட்டீன் டப்பாவும் கஸ்டம்ஸ் கதவுகளும்

போன மாசம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்போ, அக்கா பையன் ஒரு பெரிய கறுப்பு டப்பாவைக் கொண்டுவந்து முன்னாடி வச்சான். "மாமா, இது ஒரிஜினலா டூப்ளிகேட்டா, பாத்துச் சொல்லுங்க"ன்னான். ரெண்டு கிலோ வே புரோட்டீன் பவுடர். புது வேலை, முதல் மாசச் சம்பளம், அதுல பெரிய துண்டு இந்த டப்பாவுக்குப் போயிருக்கு. மூணு வாரமா குடிக்கிறான், வயிறு சரியில்லையாம். அக்கா ஒரு பக்கம் "கிட்னி போயிடும்டா"ன்னு புலம்பல்.

டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அமெரிக்கத் தயாரிப்புன்னு போட்டிருக்கு. ஆனா இறக்குமதி பண்ணினவர் பேர் இல்லை, விலாசம் இல்லை, உணவு லைசென்ஸ் நம்பர் இல்லை, பச்சைப் புள்ளி இல்லை. கேட்டா, "கடைக்காரர் சொன்னாரு மாமா, துபாய்லேர்ந்து ஆள் கொண்டு வர்றது, வரி கட்டாததால சீப்பு"ங்கறான்.

அப்போ நேரா வந்தா ஏன் இவ்வளவு விலை? யார் நடுவுல நிக்கிறாங்க? இந்தக் கேள்வியோட படிக்க ஆரம்பிச்சு, கடைசியில 1957 வரைக்கும் போயிட்டேன். அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க :-)

முதல்ல வே-ன்னா என்ன? சீஸ் செய்யும்போது பால் திரிஞ்சு கட்டி ஒரு பக்கம், இளம்பச்சைத் தண்ணி ஒரு பக்கம்னு பிரியும். அந்தத் தண்ணிதான் வே. 100 லிட்டர் பாலுக்கு 10 கிலோ சீஸ், 90 லிட்டர் தண்ணி. அந்த 90 லிட்டர்ல சுமார் அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல புரதம் இருக்கும், அவ்வளவுதான். ரொம்ப காலம் பன்றிக்கு ஊத்தினாங்க, வயல்ல விட்டாங்க, ஆத்துல கொட்டினாங்க. இதுல இருக்கற பால் சர்க்கரையைத் தின்னு பெருகுற கிருமிகள் தண்ணியில இருக்கற ஆக்சிஜனை எல்லாம் இழுத்துக்கும், மீன் செத்து மிதக்கும். 1972ல் அமெரிக்கா தண்ணீர் மாசுச் சட்டத்தை இறுக்கினதும் கொட்ட இடமில்லாமப் போச்சு. அதே காலத்துல நுண்வடிகட்டிச் சவ்வு வந்துச்சு. தண்ணியையும் சர்க்கரையையும் வெளிய விட்டு, புரதத்தை மட்டும் நிறுத்தி வச்சுக்கும். கழிவு டப்பாவுக்குள்ள போய் உட்கார்ந்து சரக்காச்சு.

"உலகத்துலயே அதிகம் பால் கறக்குற நாடு நாமதானே, நமக்கு எதுக்கு இறக்குமதி?" நானும் இதைத்தான் கேட்டேன். பதில் நம்ம பன்னீர்ல இருக்கு. சீஸுக்குப் பாலை 30, 35 டிகிரியில வச்சு ரென்னட் விட்டுத் திரிய வைப்பாங்க. வே புரதம் தண்ணியோட போயிடும். பன்னீருக்குப் பாலை 90 டிகிரி பக்கம் கொதிக்க வச்சு எலுமிச்சையோ புளிப்போ விடுறோம். அந்தச் சூட்டுல வே புரதமும் கட்டியோட ஒட்டிக்கும். மிச்சத் தண்ணியில புரதம்னு பெரிசா எதுவும் இருக்காது. பன்னீர் தின்றவன் புரதத்தை முழுசா தின்னுடறான். அதனாலதான் இவ்வளவு பால் இருந்தும் வே பவுடருக்கு வெளிநாட்டைப் பார்க்க வேண்டி வந்துச்சு. (இப்போ சீஸ் உற்பத்தி வளர்ந்து அமுலே வே பவுடர் விக்குது, அது வேற.)

இனி கதவுகளுக்கு வருவோம்.

முதல் கதவு: லைசென்ஸ். 1947லேயே இறக்குமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தாச்சு. 1957 வாக்குல அந்நியச் செலாவணி கரைஞ்சு போகவும், கதவை இழுத்துச் சாத்திட்டாங்க. இயந்திரம் வாங்கவே டாலர் இல்லாதப்போ சத்துமாவுக்கு யார் குடுப்பா? விளைவு ரெண்டு. ஒண்ணு, வெளிநாட்டுக் கம்பெனி உள்ளேயே வந்து தயாரிக்க ஆரம்பிச்சது. 1960ல் பஞ்சாப் நாபாவில் ஹார்லிக்ஸ் தொழிற்சாலை வந்தது இப்படித்தான். ரெண்டு, நம்ம விஞ்ஞானிகள் உள்ளூர்ல புரதம் தேடினாங்க. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் எண்ணெய் எடுத்த வேர்க்கடலை மாவு 75 பங்கு, கடலைப்பருப்பு மாவு 25 பங்கு கலந்து ஒரு சத்துமாவு தயாரிச்சாங்க. எனக்கு இதைப் படிச்சப்போ ஒரே சந்தோஷம். புண்ணாக்கு ரகத்தை மனுஷன் சாப்பிடற மாதிரி ஆக்கிட்டாங்களே!

ஆனா 1960ல் இங்கிலாந்துல லட்சம் வான்கோழிகள் செத்தன. காரணம், தீவனத்துல இருந்த பூஞ்சை பிடிச்ச வேர்க்கடலைப் புண்ணாக்கு. அஃப்ளாடாக்சின்கற விஷம் அப்பதான் வெளியே தெரிஞ்சது. கடலைப் புரதத்தை நம்பின திட்டங்களுக்கெல்லாம் பெரிய அடி. இந்த விஷத்தின் பேரை மனசுல வச்சுக்குங்க, கடைசியில திரும்ப வரும்.

ரெண்டாம் கதவு: இலவசத்துக்கு வைத்த பூட்டு. 1970ல் வெண்மைப் புரட்சித் திட்டம். ஐரோப்பாவில் பால் பவுடர் மலையா குவிஞ்சு கிடந்துச்சு. முதல் கட்டத்துக்கு 1,26,000 டன் பவுடரும் 42,000 டன் பட்டர் ஆயிலும் உதவியா வாங்கறதுன்னு திட்டம். இதைச் சும்மா ஊருக்குள்ள விட்டிருந்தா நம்ம பால்காரன் கதை முடிஞ்சிருக்கும். குரியனும் தேசிய பால்வள வாரியமும் அதைப் பாலாக்கி நகரங்கள்ல காசுக்கு வித்து, அந்தக் காசுல உள்ளூர் கூட்டுறவை வளர்த்தாங்க. அந்நியப் பவுடர் மருந்தா விஷமாங்கறது எந்த விலைக்கு உள்ளே விடறோம்கறதைப் பொறுத்ததுன்னு அப்பவே தெரிஞ்சுக்கிட்டாங்க.

இதுல ஒரு பகீர் மேட்டர் உண்டு. சர்வதேச ஒப்பந்தத்துல பால் பவுடருக்கு வரியே போடமாட்டோம், பூஜ்யம்னு நாம எழுதிக் குடுத்திருந்தோம். லைசென்ஸ் பூட்டு இருந்தவரை அது யாருக்கும் உறைக்கலை. பூட்டு போகப்போகுதுன்னு ஆனதும்தான் உறைச்சுது. 1999-2000ல் மறுபடி பேரம் பேசி, வருஷத்துக்கு 10,000 டன் வரை 15 சதம், அதுக்கு மேல 60 சதம்னு மாத்தினாங்க.

ஏன் பூட்டு போச்சு? 1997ல் அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. 1999ல் நாம தோத்தோம். 1,429 பொருட்கள்ல 714க்கு 2000 ஏப்ரல்லயும், மிச்சம் 715க்கு 2001 ஏப்ரல் 1லயும் தடை விலகிச்சு. முட்டாள்கள் தினம்னு அப்போ ஜோக் அடிச்சவங்க நிறைய பேர் இருந்திருப்பாங்க.

மூணாம் கதவு: மாடு என்ன தின்னுச்சு? அதே 2001ல், 1898ம் வருஷத்துக் கால்நடை இறக்குமதிச் சட்டத்தைத் திருத்தி, பால் பொருள் மாதிரியான கால்நடைப் பொருட்களுக்கும் சுகாதார இறக்குமதி அனுமதின்னு ஒண்ணைக் கொண்டுவந்தாங்க. ஒரு கதவு திறந்த வருஷமே இன்னொண்ணு! பால் குடுத்த மாட்டுக்கு ரத்தத்தூள், மாட்டு உறுப்பு, திசு கலந்த தீவனம் போடலைன்னு அந்த நாட்டு அதிகாரி சான்று தரணும். விலங்குக் குடல்ல எடுத்த ரென்னட் சேர்க்கலைன்னும் சொல்லணும். வே-ங்கறதே சீஸோட மிச்சம்தானே, அதனால அந்தக் கேள்வி இங்கேயும் வரும்.

இது வெறும் சாக்குன்னு அமெரிக்கா சொல்லுச்சு. பால் வழியா பைத்திய மாட்டு நோய் பரவாதுன்னு அவங்க வாதம். ஆனா மாட்டுக்கு மாட்டு மிச்சத்தையே போட்டதுதான் அந்த நோய் பரவக் காரணம். மனுஷங்களுக்கும் தொத்தியிருக்குன்னு 1996ல் பிரிட்டன் ஒத்துக்கிச்சு. அதோட நம்ம நாட்டுல பால் வெறும் உணவு மட்டும் இல்லை, சாமிக்குப் போறது. ரெண்டு பக்கமும் விட்டுக் கொடுக்கலை. அமெரிக்கப் பால்காரர்களும் மருத்துவ உபகரணக்காரர்களும் புகார் குடுக்க, 2019 ஜூன் 5ல் இந்தியாவுக்குக் குடுத்திருந்த வரிச்சலுகையையே அமெரிக்கா பிடுங்கிடுச்சு. மாட்டுத் தீவனத்துக்கும் நம்ம ஏற்றுமதியாளர் லாபத்துக்கும் முடிச்சு விழும்னு யார் நினைச்சிருப்பா!

நாலாம் கதவு: 2008. இதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குது. சீனாவுல சான்லுங்கற கம்பெனி உட்பட பலரோட பால் பவுடர்ல மெலமைன் கலந்திருந்தது. ஆறு குழந்தைகள் இறந்தாங்க, சுமார் 3 லட்சம் பேர் பாதிப்பு. அந்த செப்டம்பர்லயே இந்தியா சீனப் பால் பொருட்களைத் தடை பண்ணுச்சு. தடையை வருஷா வருஷம் நீட்டிக்கிட்டே வந்தாங்க.

ஏன் மெலமைன்? புரதத்தை நேரா அளக்குறது கஷ்டம். 1883ல் கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்துல கெல்டால்னு ஒருத்தர் நைட்ரஜனை அளக்குற முறை கண்டுபிடிச்சார். அந்த நைட்ரஜனை 6.25ஆல பெருக்கினா புரதக் கணக்கு. மெலமைன்ல மூணுல ரெண்டு பங்கு நைட்ரஜன். ஒரு கிராம் போட்டா மீட்டர்ல நாலு கிராம் புரதம்னு காட்டும். குழந்தை குடிச்சா சிறுநீரகத்துல கல்லாகும். தராசுக்குத் தெரிஞ்சது நைட்ரஜன் மட்டும்தான். ஜிம் பவுடர்ல இதே தில்லுமுல்லு வேற வேஷத்துல வருது. கிளைசின், கிரியாட்டின்னு விலை மலிவான சரக்கைக் கொட்டி எண்ணிக்கையை ஏத்தறாங்க.

அஞ்சாம் கதவு: காகிதம். 2006ல் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2011ல் அமல். 2013ல் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. ஒரு அறிவுறுத்தல் மூலமா, புது ரகப் பொருள் ஒவ்வொண்ணுக்கும் முன் அனுமதி வாங்கணும்னு சொல்லிடுச்சு. அறிவுறுத்தலுக்குச் சட்ட பலம் இல்லைன்னு 2014ல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்ல, 2015 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி பண்ண, அந்த முறை செத்துப் போச்சு. ஊட்டச்சத்துப் பொருட்களுக்குன்னு முறையான விதிகள் 2016 டிசம்பர்லதான் வந்தது, 2018லதான் அமல். 2018 பட்ஜெட்ல பலவகை உணவுத் தயாரிப்புகளுக்கு வரி 30லேர்ந்து 50 சதம் ஆச்சு. அன்னிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க: 100 ரூபா சரக்கு, வரி 50, அதுமேல கூடுதல் வரி 5, மொத்தத்துக்கும் ஜிஎஸ்டி 18 சதம். துறைமுகத்தை விட்டு வெளியே வரும்போதே 183 ரூபா. அப்புறம்தான் ஏஜெண்ட், கடை, விளம்பரம் எல்லாம்.

அந்த 83 ரூபா இடைவெளியிலதான் நம்ம "துபாய் ஆள்" உட்கார்ந்திருக்கார். பாதி நேரம் அவர் துபாய்க்கே போறதில்லை. காலி டப்பா, அச்சடிச்ச லேபிள், உள்ளூர் மாவு.

அப்போ எல்லாக் கதவையும் உடைச்சுடலாமா? எனக்கு அப்படித் தோணலை. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாடியும் ஒரு நிஜமான பயம் இருந்துச்சு. கரைஞ்ச டாலர், ரெண்டு மாட்டை வச்சுப் பிழைக்குற விவசாயி, செத்துப்போன குழந்தைகள். என் வருத்தம் வேற. பெரும்பாலான கதவுகள் காகிதத்தைப் பார்த்துச்சு, விலையைப் பார்த்துச்சு. ஸ்கூப்புக்குள்ள என்ன இருக்குன்னு பார்த்தது கம்மி. உள்நாட்டுச் சரக்குக்கு அந்தக் கதவுகள்ல பலதும் குறுக்கே நிக்கறதில்லை. 2024ல் கேரள டாக்டர் சிரியாக் ஏபி பிலிப்ஸ் குழு இந்தியச் சந்தையில் விக்கற 36 புரோட்டீன் பவுடர்களைச் சோதிச்சு வெளியிட்டாங்க. சுமார் 70 சதத்துல லேபிள்ல சொன்ன புரதமும் உள்ளே இருந்ததும் பொருந்தலை. 14 சதத்துல அஃப்ளாடாக்சின். ஆமா, அதே வான்கோழி விஷம். வாசல்ல அஞ்சு காவல்காரனைப் போட்டுட்டு, கொல்லைப்புறக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட மறந்த வீடு மாதிரி.

மருமகன்கிட்ட மூணு விஷயம் சொன்னேன். இறக்குமதியாளர் பேரும் விலாசமும், 14 இலக்க லைசென்ஸ் நம்பரும், பச்சைப் புள்ளியும் இல்லாத டப்பாவைத் தொடாதே. அது மூணும் இருந்தாலும் ஸ்டிக்கரும் போலியா இருக்கலாம், அந்த நம்பரைச் சரிபார்த்துக்கோ. கடைசியா, ஒரு ஸ்கூப் 24 கிராம்னா அது நாலு முட்டை, அவ்வளவுதான்.

"முட்டைக்கு ஸ்டிக்கர் வேணாமே மாமா"ன்னு சிரிச்சான். பவுடரைக் கொட்டிட்டோம். காசு போனது போனதுதான். டப்பா மட்டும் அக்கா சமையலறையில இருக்கு, உள்ளே துவரம்பருப்பு.

டிஸ்கி: நான் டாக்டரும் இல்லை, கஸ்டம்ஸ் ஏஜெண்டும் இல்லை. வரி விகிதமெல்லாம் மாறிக்கிட்டே இருக்கும், மேலே சொன்னது அந்தந்த வருஷக் கணக்கு. உங்க வீட்டுலயும் இந்த மாதிரி கறுப்பு டப்பா இருந்தா, முதல்ல திருப்பிப் பாருங்க. பார்த்துட்டு இங்கே வந்து சொல்லுங்க.