திண்டுக்குள் இருந்த வைக்கோல்

புதுச்சேரியில் லேஸ் என்றால் எல்லாமே லேஸ்தான். பாவாடை ஓரத்தில் கடையில் வாங்கி வைத்துத் தைக்கிற பட்டையும் லேஸ், கொக்கி ஊசியால் பின்னுகிற மேசைவிரிப்பும் லேஸ். ரோமன் ரோலன் வீதியில் குளூனி கன்னியர் நடத்துகிற எம்பிராய்டரி கூடத்தில் துணிமேல் ஊசியால் போடுகிற பூவேலையையும் எங்கள் பக்கத்துப் பெண்கள் லேஸ் என்றுதான் சொல்வார்கள். நான் இங்கே எழுத வருவது இவை எதையும் பற்றி அல்ல. திண்டில் வைத்துப் போடுகிற லேஸ் பற்றி.

அதற்கு ஊசியும் வேண்டாம், கொக்கியும் வேண்டாம். கல் மாதிரி இறுகிய உருண்டைத் திண்டு ஒன்று வேண்டும். அதன்மேல் புள்ளி குத்திய அட்டையைச் சுற்றி, புள்ளிக்குப் புள்ளி குண்டூசி நட்டு, விரல் நீளக் கட்டைகளில் சுற்றிய நூலை இரண்டிரண்டு ஜோடியாக முறுக்கியும் மாற்றியும் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஊசியை உருவினால் பின்னல் நிற்கும். இவ்வளவையும் தாங்குவது திண்டு. ஆனால் லேஸின் கதையை எழுதியவர்கள் நூலைப் பற்றி எழுதினார்கள், பூவைப் பற்றி எழுதினார்கள், கற்றுக்கொடுத்த துரைசானிகளைப் பற்றி நிறையவே எழுதினார்கள். திண்டுக்குள் என்ன இருந்தது, அதை யார் அடைத்தார்கள் என்று கேட்க அவர்களுக்கு அவசியம் இல்லை. எனக்கு இருக்கிறது. என் அம்மா திண்டு அடைத்தவள். என் அத்தை, அதாவது மாமியார், அதன்மேல் லேஸ் போட்டவர்.

முதலில் கொஞ்சம் தூரத்துக் கதை. பதினான்காம் லூயியின் மந்திரி கோல்பேர் 1664இல் பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கினார். அந்தக் கம்பெனிதான் பத்து வருஷத்தில் நம் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. அதே கோல்பேர் மறு ஆண்டு, 1665இல், வெனிஸ் லேஸுக்குப் பணம் வெளியே போகிறதென்று பிரான்சுக்குள்ளேயே அரச லேஸ் பட்டறைகளை ஏற்படுத்தினார். சீமான்களின் கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் வேண்டிய பின்னல், ஏழைப் பெண்களின் கண்ணையும் முதுகையும் தின்று வளர்ந்தது. இங்கிலாந்திலும் அதே கதைதான். டெவன் பகுதியில் ஹானிட்டன் லேஸ் என்று பேர்போன திண்டு வேலை இருந்தது. வைக்கோலை நறுக்கி இறுக அடைத்த வட்டத் திண்டு அது. ஹீத்கோட் என்பவர் 1808, 1809 ஆண்டுகளில் லேஸ் வலை நெய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1816இல் லவுபரோவில் இருந்த அவருடைய இயந்திரங்களை உடைத்துப் போட்டார்கள். அவர் டெவனில் உள்ள டிவர்ட்டனுக்கே வந்து ஆலை வைத்தார். கைவேலைக்காரப் பெண்களின் கூலி விழுந்தது.

இந்த டெவன் பக்கத்திலிருந்து வந்தவர் மார்த்தா மால்ட். லண்டன் மிஷன் போதகர் சார்லஸ் மால்ட்டின் மனைவி. 1819 கடைசியில் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்து, 1820களில் திண்டு லேஸ் சொல்லிக்கொடுத்தார். அப்போது தென்திருவிதாங்கூரில் பறையர், புலையர் முதலிய சாதியினர் நிலத்தோடு சேர்த்து விற்கவும் வாங்கவும் அடகு வைக்கவும்படுகிற அடிமைகள். பள்ளிக்கு வந்த பிள்ளைகளில் அடிமைகளின் பிள்ளைகளும் உண்டு. லேஸ் விற்ற காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்களைப் பற்றி மிஷன்காரர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி முழுசாக ஒழிந்தது 1855இல்தான். அதற்கு முன்பே நூலைக் கட்டையில் சுற்றித் தன் விலையைத் தானே கட்டிய பெண்கள் நம் வரலாற்றில் இருக்கிறார்கள். எந்தப் பாடப்புத்தகத்தில் அவர்களைப் படித்தோம்?

அதே ஊர்களில் அதே காலத்தில்தான் தோள்சீலைக் கலகம் நடந்தது. 1822லிருந்து 1859வரை விட்டுவிட்டு. மார்பை மூடக் கூடாதென்று சீலையைக் கிழித்த தெருவுக்குப் பக்கத்திலேயே, ஐரோப்பியப் பெண்களின் கழுத்துப்பட்டிக்கு லேஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1859 ஜூலையில் வந்த அரச அறிக்கை, நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம், முரட்டுத்துணியால் மூடிக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்களைப்போல உடுத்தக் கூடாது என்றது. முரட்டுத்துணி! அதிலும் பறையப் பெண், புலையப் பெண்ணைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

மார்த்தாவின் மகள் எலிசா 1844இல் கால்டுவெல்லைக் கட்டிக்கொண்டு இடையன்குடிக்குப் போனார். அங்கேயும் லேஸ் போனது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தைத் தலைமேல் தூக்கிவைத்துக்கொள்கிறவர்கள், அதன் 1875 பதிப்பின் பின்னிணைப்பில் பறையர் திராவிடர்தானா என்று கேட்டு, ஆம் என்று அவர் வாதாடியிருப்பதைப் பல காலம் படிக்கவே முடியவில்லை. 1913இல் வந்த மூன்றாம் பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். இடம் போதாதென்றால் முதலில் கழிவது எது என்று நமக்குத் தெரியும்தானே.

அத்தை நாகர்கோவிலுக்கு மேற்கே ஒரு மிஷன் கிராமத்துக்காரர். மகனுக்குப் புதுச்சேரியில் வேலை கிடைத்ததும் கூடவே வந்துவிட்டார். வரும்போது சாமான்களோடு ஒரு திண்டும் வந்தது. அவர் ஊரில் லேஸ் தெரிந்த பெண்கள் நிறையப் பேர் இருந்தார்களாம். திண்டு சொந்தமாக வைத்திருந்தவர்கள் சிலர்தானாம். எனக்கு இது முதலில் விளங்கவில்லை. துணிப்பைக்குள் வைக்கோல், இதில் சொந்தம் என்ன, இரவல் என்ன?

"மக்ளே, வைக்கோலு காசு இல்ல கேட்டியா. வைக்கதுக்கு எடம் வேணும்" என்றார். ஓலைக்கூரை ஒழுகும். ஈரம் பட்டால் உள்ளே வைக்கோல் புழுங்கி நாறும், குண்டூசி துருப்பிடிக்கும், துரு நூலில் ஏறினால் வெள்ளை லேஸ் குப்பை. கதிர்மணி ஒன்றிரண்டு உள்ளே கிடந்தாலும் எலி வந்து பையை அறுத்துவிடும். ஆகவே காரைவீடு உள்ளவர்கள், உபதேசியார் வீட்டுக்காரர்கள் திண்டு வைத்துக்கொண்டார்கள். கூரைவீட்டுப் பெண் அவர்கள் திண்ணையில் போய் உட்கார்ந்து போட்டாள். நிலம் ஒருத்தனுடையது, உழைப்பு ஒருத்தனுடையது என்பது வயலில் மட்டுமா? மடியில் வைக்கிற தலையணையிலும் அப்படித்தான். அத்தையின் அம்மா கல்வீடு கட்டி முடித்த வருஷம்தான் சொந்தத் திண்டு அடைத்தாராம்.

அந்தத் திண்டு 1987 மழையில் எங்கள் வீட்டில் நனைந்துபோனது. பிரித்து உதறியபோது உள்ளே கறுத்த சாணி மாதிரி வந்தது. புதிதாக எதை அடைப்பது என்று ஒரு மாதம் வீட்டில் இதே பேச்சு.

எங்கப்பா ரோடியர் மில்லில் வேலை பார்த்தவர். மில்லின் கழிவுப் பஞ்சு சும்மா கிடைக்கும், அதை அடைக்கலாமே என்றார். அடைத்தோம். இரண்டு நாளில் எண்ணெய் கசிந்து உறை கறுத்தது. அதைவிட மோசம், நூலை இழுத்ததும் குண்டூசி சாய்ந்தது. ஊசி சாய்ந்தால் புள்ளி நகரும், புள்ளி நகர்ந்தால் பூ கோணும். என் அம்மா ஒரு மெத்தைக் கடையில் இருபது வருஷம் இலவம்பஞ்சு அடித்தவள். கடை பேர் வேண்டாம். பஞ்சுத்தூள் நெஞ்சில் ஏறி இருமியே பாதி உயிர் போனது அவளுக்கு. அடைக்கிற கலை தெரிந்தவள் என்று அவளைக் கூப்பிட்டோம். வந்து பார்த்துச் சிரித்தாள். "சம்பந்தியம்மா, தல வைக்கிறதுக்கு அடைக்கிறது வேற, ஊசி குத்துறதுக்கு அடைக்கிறது வேற. பஞ்சு தள்ளிக்குனு எழுந்துக்கும். எழுந்துக்காத சரக்கா வேணும்." அம்மாவுக்கு லேஸ் என்றால் என்னவென்று தெரியாது. கையால் ஒரு அழுத்து அழுத்தியதில் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

தேங்காய்நாரைப் பார்த்தோம். அது இன்னும் துள்ளுகிறது, ஊசியை நேராக இறங்கவும் விடாது. உப்புத்தண்ணியில் ஊறவைத்த நார் என்றால் துரு வேறு. மரவாடியிலிருந்து மரத்தூள் கொண்டுவந்தோம். உண்மையில் அது மோசமில்லை. கனமாக, அசையாமல் உட்காரும், ஊசியும் நிற்கும். ஆனால் நெருக்கமான துணியில் இரட்டைப் பை தைக்காவிட்டால் ஒவ்வொரு ஊசி ஓட்டை வழியாகவும் தூள் உதிரும். கடலோர ஊரில் மரத்தூள் ஈரத்தைக் குடித்துக்கொண்டு காயவே மாட்டேன் என்கிறது. உமி ஊசியைச் சுரண்டும். தவிடு வண்டுக்குச் சாப்பாடு.

கடைசியில் அத்தை முதலில் சொன்னதற்கே வந்தோம். வைக்கோல். அதிலும் எல்லா வைக்கோலும் ஆகாது. கையால் அடித்து முதல் மணி உதிர்த்த தாள் விறைப்பாக இருக்கும், ஊசி அதில் முட்டி வளையும். பிறகு மாடு கட்டிச் சூடடித்த வைக்கோல் நசுங்கி மெத்தென்று இருக்கும், அதுதான் வேண்டும் என்றார். பாகூரில் கூலிக்கு அறுப்பறுத்த சித்தி வீட்டிலிருந்து இரண்டு கட்டு வந்தது. மூன்று நாள் வெயில். கதிரும் தூசும் போக உதறல். பிறகு அரிவாள்மணையில் வைத்து விரல் நீளத்துக்கு நறுக்கினோம். நீளமாக விட்டால் மடங்கி உள்ளே பொந்து விழும். காய்ந்த வேப்பிலையைக் கசக்கிக் கலந்தோம். காடாத்துணிப் பையில் ஒரு கைப்பிடி போட்டு உலக்கையால் இடி, இன்னொரு கைப்பிடி, மறுபடி இடி. நிறைந்துவிட்டது என்று நான் வாயைத் தைக்கப் போனால், அம்மா என் கையைத் தட்டிவிட்டு, ராத்திரி முழுக்க அதன்மேல் அம்மிக்கல்லை ஏற்றிவைத்தாள். காலையில் அரைச்சாண் அமுங்கியிருந்தது. அப்படி நாலு ராத்திரி. ஒரு பைக்குள் அவ்வளவு வைக்கோல் போகும் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

ஐந்தாம் நாள் அத்தை ஒரு குண்டூசியைக் குத்தி விரலால் சுண்டிப் பார்த்தார். நின்றது. உருவிவிட்டு ஓட்டையைத் தடவினார். மூடிக்கொண்டது. "மைனி, நீங்க எங்க ஊருல பொறந்திருக்கணும்" என்றார் அம்மாவிடம்.

மேல் உறை கருநீலத்தில் வேண்டும், அப்போதுதான் வெள்ளை நூல் கண்ணில் நிற்கும், கண்ணும் வலிக்காது. நீலத்துணி என்றதும் எனக்கு இந்த ஊர் நினைப்புத்தான் வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து நீலம் தோய்த்த துணி, கினே என்று பெயர், கப்பல் கப்பலாகச் செனகலுக்குப் போனது. அங்கே கோந்து வாங்க அதுவே காசாகப் புழங்கியது. அந்த வகையில் வந்த மில்களில் ஒன்றான சவானா மில்லில்தான் 1936 ஜூலை 30இல் வேலைநேரக் குறைப்பும் சங்கமும் கேட்ட தொழிலாளிகள் பன்னிரண்டு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். எங்கள் திண்டின் உறை அப்பாவின் பழைய நீலச்சட்டையிலிருந்து கிழித்தது.

மரியா மீஸ் 1982இல் நரசாப்பூர் லேஸ் பெண்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கோதாவரிக் கரையில் மிஷன்காரர்கள் முதலில் மாலா, மாதிகா கிறிஸ்தவப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த தொழில், பிறகு வெளியே வராத மேல்சாதிப் பெண்களிடம் போய், உலகச் சந்தைக்குச் சரக்கு செய்கிறவர்களை வெறும் இல்லத்தரசிகள் என்று சொல்லிக் கூலியை அமுக்கிய கதை அது. நல்ல புத்தகம். ஆனால் அங்கே கொக்கி ஊசி வேலை, திண்டு கிடையாது. திண்டு வந்துவிட்டால் கணக்கு இன்னும் ஒரு படி கீழே போகிறது. லேஸுக்குக் கெஜக் கணக்கில் கூலி உண்டு. நாலு ராத்திரி அம்மி ஏற்றியதற்கு எந்த ஊரிலும் கூலி இல்லை. அத்தை சொல்வார்: அவர் கிராமத்தில் திண்டு இடித்துக் கொடுக்க வயல்வேலைக்குப் போகிற பெண்களைத்தான் கூப்பிடுவார்கள், ஒரு வேளைச் சோறு போடுவார்கள். லேஸ் போடச் சேர்க்கமாட்டார்கள். காய்த்த கையில் நூல் பிசிறும் என்று காரணம். காரணம் பொய்யில்லை, பிசிறத்தான் செய்யும். அந்தக் கையைக் காய்க்க வைத்தது யார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

அம்மா ஒருமுறை கேட்டாள், நானும் போடட்டுமா என்று. அத்தை யோசிக்கவேயில்லை. திண்டைத் தூக்கி அம்மா மடியில் வைத்து, நாலு ஜோடிக் கட்டைகளைக் கையில் கொடுத்தார். ராத்திரியில் தேங்காயெண்ணெய் தடவித் தடவி, காலையில் சீயக்காய் போட்டுக் கழுவி, மூன்று மாதத்தில் அம்மா ஒரு சாண் பட்டை போட்டாள். பிசிறோடுதான். என் மகளின் ஞானஸ்நானச் சட்டையில் அதைத்தான் தைத்தோம்.

இப்போது இருவரும் இல்லை. ரோடியர் மில்லும் 2020இல் மூடிவிட்டது. மகள் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு, ஃபிரிட்ஜ் பெட்டியில் வந்த தெர்மோகோலில் ஊசி குத்திப் பார்த்தாள். இலேசு, சுத்தம், மழைக்குப் பயமில்லை. ஆனால் குத்தும்போதெல்லாம் பல் கூசுகிற சத்தம், ஒரே இடத்தில் நாலு தரம் குத்தினால் ஓட்டை வாயைப் பிளந்துகொள்கிறது. பாகூரில் இப்போது இயந்திரம் அறுக்கிறது, வைக்கோலை உருளையாகச் சுருட்டி லாரியில் ஏற்றுகிறார்கள். மெத்தென்று இருக்குமா என்று பார்க்க ஒரு உருளை வாங்கிவந்து மாடியில் உலர்த்தியிருக்கிறேன்.