குதிரைக் கதியும் நெடும்பயணமும்

குதிரை தன் கால்களைப் பெயர்த்து வைக்கும் ஒழுங்கும் அதனால் அமையும் வேகமும் சேர்ந்தது கதி எனப்படும். நான்கு குளம்புகளும் தனித்தனியே நிலத்தில் பதிவது நடை. முன்னங்கால் ஒன்றும் அதற்கு எதிர்ப்பக்கத்துப் பின்னங்காலும் ஒருசேரப் பதிந்து இரண்டு தாளமாக ஒலிப்பது தொங்கோட்டம். மூன்று தாளமாக ஒலிப்பது மென்பாய்ச்சல். யாவற்றினும் விரைந்தது நாலுகால் பாய்ச்சல். நெடுவழி செல்வோர் நடையையும் தொங்கோட்டத்தையும் மாற்றி மாற்றிக் கையாண்டு, நாலுகால் பாய்ச்சலை இடர் நேரும் வேளைக்கென ஒதுக்கி வைப்பது பொதுவழக்கு.

இந்திய நூல்களில் இவ்வறிவு தொன்மையானது. அர்த்தசாஸ்திரம், சவாரிக் குதிரை ஒரு நாளில் கடக்கத்தக்க தொலைவை அதன் தரத்துக்கேற்ப 5, 7½, 10 யோசனை என வரையறுத்ததோடு, கதிகளையும் வகைப்படுத்தியது. தமிழ் மரபும் மயூரகதி, வானரகதி முதலிய ஐந்து கதிகளைக் கூறும்.

தமிழகத்துக்குக் கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. இன்றைய அரியலூர் மாவட்டத்திலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்தை 11ஆம் நூற்றாண்டில் தலைநகராக்கிய சோழரின் படையில் ‘குதிரைச்சேவகர்’ என்னும் பிரிவினர் இருந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் பெருந்தொகையாக இறக்குமதியான குதிரைகளுள் பெரும்பாலானவை பேணும் முறை அறியப்படாமையால் மாண்டன என எழுதினார்.

தமிழகத்தில் நிகழ்ந்த விரைந்த குதிரைப் பயணங்களுள் சிறப்பாகக் குறிக்கத்தக்கது, ஆங்கிலேயரோடு போரிட்ட மைசூர் ஆட்சியாளர் ஐதர் அலியுடையது. 1769 மார்ச்சில் அவர் பீரங்கிகளையும் சுமைகளையும் படையின் பெரும்பகுதியையும் திருப்பி அனுப்பிவிட்டு, தேர்ந்தெடுத்த 6000 குதிரை வீரரோடும் சிறு காலாட்படையோடும் ஏறத்தாழ 130 மைலை மூன்றரை நாளில் கடந்து, சென்னையை அடுத்த பரங்கிமலையை அடைந்தார். நாளொன்றுக்குச் சுமார் 60 கிலோமீட்டர் வீதம் அமைந்த அவ்வேகத்துக்குச் சுமைக் குறைப்பே முதற்காரணம். அதன் விளைவாகவே ஏப்ரலில் ஆங்கிலேயருடன் சென்னை உடன்படிக்கை கையெழுத்தானது.

பிற நாடுகளிலும் பகுதிகளிலும் நெடுவழிக்கெனத் தனி முறைகள் வளர்ந்தன. ராஜஸ்தானத்து மார்வாரி இனத்தின் ‘ரேவால்’ கதி, ஒரே பக்கத்துக் கால்களை அடுத்தடுத்துப் பெயர்ப்பதால் ஏறியிருப்பவரைக் குலுக்குவதில்லை. ஐரோப்பியர், தொங்கோட்டத்தின் ஒவ்வோர் இரண்டாம் தாளத்துக்கும் அங்கவடியில் ஊன்றிச் சற்றே எழுந்தமரும் முறையைக் கைக்கொண்டு, சவாரி செய்பவரின் களைப்பையும் குதிரை முதுகின் தேய்வையும் குறைத்தனர்.

ஒவ்வொரு கதிக்கும் குதிரையின் ஆற்றல் மிகக் குறைவாகச் செலவாகும் வேகம் ஒன்று உண்டு என்பதையும், தன்போக்கில் விடப்பட்ட குதிரை அவ்வேகத்தையே நாடுகிறது என்பதையும் 1981இல் ஹாய்ட், டெய்லர் ஆகியோரின் ஆய்வு நிறுவியது. இன்றைய நெடுந்தொலைவுப் பந்தயங்களில், 160 கிலோமீட்டர் வரையிலான வழி பல கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்ட முடிவிலும் கால்நடை மருத்துவர் நாடித்துடிப்பையும் கால் நொண்டலையும் சோதித்த பின்னரே குதிரை மேற்செல்ல விடப்படுகிறது. ஆகவே நெடுவழிச் சவாரியில் தேர்ச்சி என்பது, குதிரை களைப்பதற்கு முன்பே கதியை மாற்றத் தெரிவதாகும்.