போர்க்கப்பல் மேசையான கதை

1838 செப்டம்பரில் 'டெமரேர்' என்ற போர்க்கப்பலை நீராவி இழுவைப் படகுகள் தேம்ஸ் ஆற்றில் இழுத்துவந்து லண்டனின் ரோதர்ஹைத் கரையில் சேர்த்தன. 1805இல் டிரஃபால்கர் கடற்போரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் 'விக்டரி' கப்பலுக்குப் பின்னாலேயே வந்து சண்டையிட்ட கப்பல் அது. கப்பலுடைப்பு வணிகர் ஜான் பீட்சன் அதை 5,530 பவுண்டுக்கு வாங்கியிருந்தார். அந்தக் கடைசிப் பயணத்தை ஓவியர் டர்னர் வரைந்தார்; பீட்சனின் ஆட்கள் கப்பலைப் பலகை பலகையாகப் பிரித்தார்கள். பிரித்ததில் கொஞ்சம் அக்கம்பக்கத்திலேயே தங்கிவிட்டது. ரோதர்ஹைத் புனித மரியாள் தேவாலயத்தில் உள்ள ஒரு நற்கருணை மேசையும் இரண்டு ஆயர் நாற்காலிகளும் டெமரேரின் ஓக் மரத்தில் செய்தவை.

பழைய மரத்தைப் பிரித்தெடுத்துப் புதிய அறைகலன் செய்வதைச் சுற்றுச்சூழல் அக்கறை தந்த புதுமை என்று இன்றைய கடைகள் விளம்பரம் செய்கின்றன. இங்கிலாந்தில் இது பல நூற்றாண்டுப் பழக்கம். அங்கே இதை வளர்த்தவை இரண்டு: நல்ல மரத்தை வீணாக்க மனம் வராத சிக்கனம் ஒன்று, புகழ்பெற்ற கப்பலின் ஒரு துண்டாவது நம் வீட்டில் இருக்கட்டும் என்ற ஆசை இன்னொன்று.

அந்த ஆசைக்குப் பழைய சாட்சி ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. பிரான்சிஸ் டிரேக் 1577 முதல் 1580 வரை உலகைச் சுற்றிவந்த 'கோல்டன் ஹைண்ட்' கப்பலை லண்டனுக்கு அருகே டெட்ஃபோர்டில் மக்கள் பார்வைக்கு வைத்திருந்தார்கள். அங்கேயே கிடந்து அது உளுத்துப்போனது. தேறிய மரத்தில் ஒரு நாற்காலி செய்து, 1662இல் டெட்ஃபோர்டு கப்பல்துறைக் கிடங்கின் பொறுப்பாளர் ஜான் டேவிஸ் நூலகத்துக்குக் கொடுத்தார்.

கப்பலுக்கு ஓக்கைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் வைரம். நூறாண்டுக்கு மேல் நின்று முற்றிய மரம் எளிதில் உளுக்காது. நெருக்கமான காட்டில் நெடுநெடுவென வளர்வது பலகைக்கு ஆகும். வேலியோரம் தனியாக நின்று கிளை பரப்பி வளைந்த மரத்தைத்தான் கப்பல் தச்சர்கள் தேடி அலைந்தார்கள். கப்பலின் விலா எலும்புக்கும் தளத்தைத் தாங்கும் முட்டுக்கும் இயற்கையாகவே வளைந்த கட்டை வேண்டும். 1765இல் நீரில் இறங்கிய 'விக்டரி'க்குச் சுமார் 6,000 மரங்கள் தேவைப்பட்டன என்று கணக்கிடுகிறார்கள். அவற்றில் பத்துக்கு ஒன்பது ஓக். ஓக் தட்டுப்பாடு அதற்கும் முன்பே நாட்டைக் கவலையில் ஆழ்த்தியிருந்தது. ஜான் ஈவ்லின் 1664இல் 'சில்வா' என்ற நூலை எழுதி, நிலக்கிழார்களை மரம் நடச் சொன்னார்.

ஒரு கப்பலுக்கு இத்தனை மரம் போனால், அதை உடைக்கும்போதும் அத்தனை மரம் திரும்பி வரும். 1860இல் 'வாரியர்' என்ற இரும்புக் கவசக் கப்பல் கடலில் இறங்கியதும் மரப் போர்க்கப்பல்களின் காலம் முடிந்தது. பல கப்பல்கள் துறைமுகங்களில் பயிற்சிக்கூடங்களாகவும் மருத்துவமனைகளாகவும் கட்டிப்போடப்பட்டு, பிறகு ஒவ்வொன்றாக உடைப்புக்கு வந்தன. உடைப்பவர்களுக்கு முதல் வருமானம் அடிப்பக்கத் தாமிரத் தகட்டிலும் ஆணியிலும் கிடைத்தது. மரத்தில் பெரும்பகுதி விறகாயிற்று. லண்டனின் மில்பேங்க் கரையில் இருந்த காசில் குடும்பத்து நிறுவனமோ கப்பல் மரத்தில் தோட்ட இருக்கைகள் செய்து விற்றே பெயர் வாங்கியது.

இந்த மரத்தோடு மல்லுக்கட்டுவது லேசான வேலை அல்ல. பச்சை ஓக்கில் உளி சுலபமாக இறங்கும். நூறாண்டு காய்ந்த ஓக் உளியின் முனையையே மழுக்கிவிடும். உள்ளே புதைந்திருக்கும் இரும்பு ஆணி ரம்பத்தின் பல்லை உடைக்கும். ஓக்கில் இருக்கும் டானின் இரும்போடு சேர்ந்தால் ஆணியைச் சுற்றிக் கருநீலக் கறை படரும். அந்தக் கறையையும் ஆணித் துளையையும் இழைத்து நீக்காமல், கப்பல் மரம் என்பதற்கு அடையாளமாக அப்படியே விட்டுவைப்பவர்களும் உண்டு.

இந்த வகை அறைகலன்களில் உலகறிந்தது அமெரிக்க அதிபரின் மேசை. வடதுருவப் பகுதியில் காணாமல்போன நாடாய்வாளர் ஜான் ஃபிராங்க்ளினைத் தேடிப் போன பிரிட்டிஷ் கப்பல்களில் ஒன்று 'ரெசல்யூட்'. பனியில் சிக்கியதால் 1854இல் மாலுமிகள் அதைக் கைவிட்டுத் திரும்பினார்கள். ஆளில்லாத கப்பல் பனியோடு சுமார் 1,200 மைல் மிதந்துபோனது. 1855இல் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றின் தலைவர் ஜேம்ஸ் பட்டிங்டன் அதைக் கண்டெடுத்தார். அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் உறவு கசந்திருந்த நேரம் அது. அமெரிக்க நாடாளுமன்றம் கப்பலை 40,000 டாலருக்கு வாங்கிப் பழுதுபார்த்து, 1856இல் விக்டோரியா அரசிக்குப் பரிசாகத் திருப்பி அனுப்பியது.

1879இல் அதை உடைத்தபோது அரசி அந்த மரியாதையை மறக்கவில்லை. சாத்தம் கப்பல்துறைத் தச்சர் வில்லியம் எவெண்டன் ரெசல்யூட்டின் ஓக்கில் பெரிய எழுதுமேசை ஒன்றைச் செய்தார். 1880இல் அது அதிபர் ஹேய்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. கப்பலின் வரலாற்றைச் சொல்லும் பித்தளைத் தகடு ஒன்றையும் அதில் பதித்திருந்தார்கள். 1961இல் கென்னடி காலத்தில் அந்த மேசை அதிபரின் அலுவலக அறைக்கே வந்தது. அதன் அடியிலிருந்து கென்னடியின் குட்டி மகன் எட்டிப்பார்க்கும் புகைப்படம் உலகெங்கும் பரவியது.

புகழ்பெற்ற கப்பலின் துண்டு மீதான ஆசை வியாபாரமும் ஆயிற்று. நெல்சன் பயணித்த 'ஃபூட்ராயண்ட்' கப்பலை 1892இல் கடற்படை விற்க, அது ஜெர்மானிய உடைப்பாளர்கள் கைக்குப் போனதும் நாடே கொதித்தது. வீட்லி காப் என்பவர் அதை மீட்டுக் காட்சிக் கப்பலாக்கினார். 1897 ஜூனில் புயல் அதைப் பிளாக்பூல் கரையில் மோதவிட்டுச் சிதைத்தது. அதன் ஓக்கில் நாற்காலிகளும் பெட்டிகளும், தாமிரத்தில் பதக்கங்களும் செய்து விற்றார்கள். 1924இல் லண்டனின் லிபர்ட்டி நிறுவனம் 'இம்ப்ரெக்னபிள்', 'ஹிந்துஸ்தான்' என்ற இரண்டு கப்பல்களின் மரத்தைக் கொண்டு தன் அங்காடிக் கட்டடத்தையே எழுப்பியது.

இந்தக் கதையில் இந்தியத் தேக்குக்கும் பங்கு உண்டு. ஓக் தட்டுப்பாட்டின்போது பிரிட்டிஷ் கடற்படை பம்பாயில் வாடியா குடும்பத்தாரிடம் மலபார்த் தேக்கில் கப்பல் கட்டிக்கொண்டது. 1821இல் அங்கே கட்டிய 'கேஞ்சஸ்' 1930இல் உடைபட்டது. அதன் தலைவர் அறை டெவன் கரையோரத்தில் பர்க் தீவு விடுதியின் ஒரு பகுதியாயிற்று. 1817இல் கட்டிய 'டிரிங்கோமலி' திருகோணமலையின் பெயரைச் சுமந்துகொண்டு ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது.

புகழ் கூடினால் புளுகும் கூடும். இங்கிலாந்துக் கிராமங்களில் பழைய ஓக் வீட்டைக் காட்டி, "இது கப்பல் மரம்" என்பார்கள். சான்றாக உத்திரத்தில் இருக்கும் வெற்றுத் துளைகளைக் காட்டுவார்கள். கட்டட வரலாற்று ஆய்வாளர்கள் இதை ஏற்பதில்லை. அந்தத் துளைகள் பெரும்பாலும் வேறொரு பழைய வீட்டில் கழுந்து (மரமுனையின் முளை) பொருத்திய தடங்கள். உத்திரம் வளைந்திருப்பதற்கும் கப்பல் காரணமல்ல. பச்சை ஓக்கில் கட்டிய வீட்டில் மரம் காயக் காய வளையத்தான் செய்யும். டெமரேர் நாற்காலிக்கும் ரெசல்யூட் மேசைக்கும் மதிப்பு நிற்பது, எங்கிருந்து வந்த மரம், யார் செய்தது, யாருக்குப் போனது என்ற பதிவு இருப்பதால்தான்.

அந்தப் பதிவு நம் ஊரிலும் வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து பிரித்த பர்மாத் தேக்குத் தூணும் கதவும் விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கி மேசையாகவோ ஊஞ்சலாகவோ செய்துகொள்பவர்கள் எந்த ஊர், எந்த வீடு, எந்த ஆண்டு பிரித்தது என்று விற்பவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். செய்து தரும் ஆசாரியின் பெயரையும் அதோடு எழுதி, பலகையின் அடியில் ஒட்டிவையுங்கள்.