பஞ்சாரத்துக்குள் ஒரு சொத்து



இந்த நினைவுச் சொற்பொழிவில் கோழியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் அமைப்பாளர்கள் கொஞ்சம் யோசித்தார்கள். மாட்டைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம், எழுதிவிட்டோம். கோழி நம் வரலாற்றில் எங்கே நிற்கிறது என்று கேட்டதில்லை. இப்போது நகரத்தில் மொட்டைமாடியில் கோழி வளர்ப்பவர்களுக்குள் ஒரு வாக்குவாதம் நடக்கிறது. வளர்த்த கோழியை அறுக்கலாமா, செல்லப்பிராணியாகவே வைத்திருக்க வேண்டுமா?

அரியாங்குப்பத்திலிருந்து வீராம்பட்டினம் போகிற சாலையை ஒட்டியது எங்கள் சேரி. அங்கே என் ஆயா வளர்த்த கோழிகளை அந்த இரண்டில் எதிலும் அடக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைப்பாள். பொழுது சாய்ந்தால் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பஞ்சாரத்தில் கவிழ்ப்பாள். விருந்தாளி வந்தால் பெயர் வைத்த அதே கையால் அறுப்பாள். கடற்கரையிலிருந்து வரும் மீன் செதிலும் கருவாட்டுத் தூளும் தின்று வளர்ந்த கோழிகள். முட்டையில்கூட லேசாகக் கவிச்சி அடிக்கும்.

இந்தக் கேள்வி புதிதல்ல. கி.மு. 54-ஐ ஒட்டிய காலத்துப் பிரிட்டன் மக்களைப் பற்றி எழுதும்போது ஜூலியஸ் சீசர், அவர்கள் கோழியை உண்பது தகாது என்று எண்ணி, பொழுதுபோக்குக்காக வளர்க்கிறார்கள் என்கிறார். எழுதியவர் கோழி தின்னும் ரோமர். அந்த ரோமரின் மதுச்சாடிகள் வந்திறங்கிய அரிக்கமேடு வீராம்பட்டினத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1945-இல் வீலர் தோண்டிக் காட்டிய இடம். ஒருவருக்குச் செல்லம், இன்னொருவருக்குச் சோறு என்பது இரண்டாயிரம் ஆண்டு வழக்கு. ஆனால் நம் ஊர்களில் இந்த வழக்கு கோழியின் இயல்பை வைத்து நடக்கவில்லை. வளர்ப்பவர் யார் என்பதை வைத்து நடந்தது.

அம்பேத்கர் மறைவுக்குப் பின் வெளிவந்த எழுத்துகளில், தீண்டப்படாதோர் எதையெல்லாம் செய்தால் ஊர் குற்றம் என்கிறது என்று ஒரு பட்டியல் உண்டு. நிலம், மாடு போன்ற செல்வம் சேர்ப்பது அதில் ஒன்று. இராமநாதபுரத்தில் 1930, 1931-இல் நம் மக்கள்மேல் விதிக்கப்பட்ட தடைகளை ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். நம் பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதாரின் மாட்டைத்தான் மேய்க்க வேண்டும் என்பது அந்தத் தடைகளுள் ஒன்று. மாடு ஊருடையது, மேய்ப்பு நம்முடையது. அம்பேத்கரின் பட்டியலில் கோழியின் பெயர் இல்லை. பொருட்படுத்த வேண்டாத அற்ப உயிர் என்று ஊர் விட்டுவிட்டது. அந்த அலட்சியத்தின் இடுக்கில்தான் சேரிப் பெண்களின் கையில் ஒரு சொத்து வளர்ந்தது என்பது என் வாதம்.

நிலம் வேண்டாம், தொழுவம் வேண்டாம், பட்டா வேண்டாம். கோழி வாங்கக் காசில்லாதவள் வாரத்துக்கு வாங்கி வளர்ப்பாள். பொரிக்கும் குஞ்சில் பாதி கோழிக்காரிக்கு, பாதி இவளுக்கு. முட்டை விற்ற காசு புருஷன் கைக்குப் போகாது. என் முதல் பள்ளிக்கூடச் சட்டை ஒரு சேவலின் விலை. ஆயா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தச் சேவலுக்கு என்ன பெயர் என்று கேட்காமல் விட்டுவிட்டேன்.

அரசாங்கம் இந்த உயிரைக் கண்டுகொண்டது 1950-இல். சென்னை மாகாணத்தில் விலங்கு, பறவைகளைப் பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதற்கு மூன்று ஆண்டு முன்புதான் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்திருந்தது. ஆகமக் கோயிலுக்குள் நம்மை விட்ட கையோடு, நம் சாமிக்கு நாம் கொடுப்பதைக் குற்றமாக்கினார்கள். சட்டத்தின் சூட்சுமத்தைப் பாருங்கள். வீட்டில் அறுத்துக் குழம்பு வைத்தால் கேள்வியில்லை. அதே கோழியை முனீஸ்வரன் முன்னால் அறுத்தால் குற்றம். அப்போது கடலூர்ப் பக்கம் செல்லுபடியான அந்தச் சட்டம் வீராம்பட்டினத்தில் செல்லாது. இங்கே 1954 வரை பிரெஞ்சு ஆட்சி. பிறகு 1960களில் புதுச்சேரிக்கும் அதே மாதிரி ஒரு சட்டம் வந்தது.

தமிழ்நாட்டுச் சட்டம் ஏட்டில் கிடந்தது. 2003 ஆகஸ்டில் ஜெயலலிதா அரசு அதைக் கறாராக அமல்படுத்தச் சொன்னபோதுதான் கிராமத்துச் சாமிகள் ‘சட்டவிரோதம்’ ஆயின. கடும் எதிர்ப்பு எழுந்தது. 2004-இல் அந்த அரசே சட்டத்தைத் திரும்பப் பெற்றது.

இங்கே நிறுத்திவிட்டால் நமக்கு வசதியான வரலாறாக இருக்கும். கொல்லாமை என்பது மேலிருந்து வந்தது மட்டுமல்ல. 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாசப் பண்டிதர் பஞ்சசீலத்தைப் பேசினார். அதன் முதல் சீலமே உயிர்க்கொலை தவிர்ப்பது. நாம் பூர்வ பௌத்தர் என்று சொல்லிக்கொண்டு அந்தச் சீலத்தை மட்டும் ஆதிக்கச் சாதியின் சரக்கு என்று தள்ளிவிட முடியாது. நம்மிலேயே ஒருவர் அறுக்க மாட்டேன் என்றால் அதற்கும் நம் மரபில் வேர் இருக்கிறது. இதை நம் மேடைகளில் சொல்லத் தயங்குகிறோம். வடலூர் இன்னொரு விதம். 1867-இல் தருமசாலை தொடங்கிய வள்ளலார் புலால் உண்போரைப் புற இனத்தார் என்றார். ஆனால் பசி என்று வந்தால் அவர்களுக்கும் சோறு உண்டு என்றார். ஞானசபைக்குள் விடுவதற்கு நிபந்தனை வைத்தவர் இலையில் சோறு போடுவதற்கு வைக்கவில்லை.

இன்றைய கொல்லாமைவாதிகள் நிபந்தனை வைப்பது இலையில்தான். 2015-இல் மத்தியப் பிரதேசத்தில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை தரும் யோசனையை முதலமைச்சரே மறுத்தார். 2021-இல் கர்நாடகத்தில் பள்ளிகளில் முட்டை கொடுத்தபோது மடாதிபதிகள் எதிர்த்தார்கள். மறுத்தவர்களின் பிள்ளைகள் அந்த முட்டைக்காக வரிசையில் நின்றவர்கள் அல்லர்.

செல்லமாக வளர்க்கும் நண்பர்களிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. முட்டைக்கு மட்டும் வளர்க்கிறேன் என்கிறார்கள். முட்டைக்கோழிக் குஞ்சு பொரிக்கும் ஆலைகளில் சேவல் குஞ்சு பிறந்த அன்றே கொல்லப்படுகிறது. ஜெர்மனி 2022-இல் தடை போட்டது, பிரான்சும் பின்தொடர்ந்தது. பெட்டையை மட்டும் வாங்கி வந்து மாடியில் கொஞ்சுகிறவர் கொலையைத் தவிர்க்கவில்லை, பார்க்காத இடத்துக்குத் தள்ளியிருக்கிறார். ஆயாவின் பஞ்சாரத்தில் சேவலும் வளர்ந்தது. யார் கொன்றது என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

அவளிடம் ஒரு கருப்புப் பெட்டை இருந்தது. பதினாலு, பதினைந்து என்று அடைவைத்த முட்டையெல்லாம் பொரித்துத் தந்தது. முட்டை நின்ற பிறகும் அதை அவள் அறுக்கவில்லை, விற்கவுமில்லை. ஏன் என்று கேட்டேன். “அது சம்பாரிச்சிக் குடுத்துடுச்சிடா” என்றாள். செத்தபோது முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதன் பேத்தியை அறுத்துக் குழம்பு வைத்தாள். ஈரல் எனக்கு.