மார்கோ ஃபான்டெய்ன்: இருமுறை மலர்ந்த ஆடற்கலை

கவிஞர் மறைந்த பின்னும் ஏடு எஞ்சுகிறது. பாலே ஆடுபவருக்கோ உடலே ஏடு. அதில் எழுதியவற்றை முதுமை ஒவ்வொன்றாக அழித்துவிடும். நாற்பதை ஒட்டி மேடையினின்று விலகுவதே அக்கலையில் பெருவழக்கு. அவ்வழக்குக்கு அடங்காத வாழ்வு மார்கோ ஃபான்டெய்னுடையது.

இங்கிலாந்தின் ரைகேட் நகரில் 1919 மே 18ஆம் நாள் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் மார்கரெட் ஹுக்கம். இளமையில் ஷாங்காயில் ருஷ்ய ஆசிரியர் கொன்சரோவிடம் பயின்றார். பின்னர் லண்டனில் நினெட் டி வால்வாவின் பள்ளியில் சேர்ந்து, 1934இல் 'நட்கிராக்கர்' பாலேயில் பனித்துகள்களுள் ஒருத்தியாக மேடையேறினார். மறு ஆண்டே குழுவின் முதன்மை நங்கை அலிசியா மார்கோவா விலகவே, அவர் ஏற்ற பாத்திரங்கள் இளம்பெண்ணான ஃபான்டெய்னை வந்தடைந்தன.

பாலே போற்றும் வளைவு அவர் பாதங்களுக்கு வாய்க்கவில்லை. கண்ணைப் பறிக்கும் சாகசங்களிலும் அவரை விஞ்சியோர் இருந்தனர். அவருக்கு வாய்த்தவை இசையோடு இயைந்த அசைவும் அளவொத்த வடிவமுமே. சந்தமெல்லாம் கைவரப்பெற்ற புலவரைவிடச் சொல்லை அளந்து வைப்பவர் நெஞ்சில் நிலைப்பதில்லையா? இவ்வியல்பை உணர்ந்த நடன அமைப்பாளர் ஃப்ரெடரிக் ஆஷ்டன் அவருக்கென்றே பல படைப்புகளை ஆக்கினார்.

1940 மே மாதம் குழு நெதர்லாந்தில் இருந்தபோது ஜெர்மானியப் படை புகுந்தது. காட்சித்திரைகளையும் உடைகளையும் கைவிட்டு அனைவரும் தப்பினர். போர்க்காலத்தில் பொழுதுபோக்கு நடனக் கூடமாக மாறியிருந்த கோவென்ட் கார்டன் அரங்கு, 1946 பிப்ரவரி 20 அன்று 'ஸ்லீப்பிங் பியூட்டி'யுடன் மீண்டும் திறக்கப்பட்டது. துணிக்கும் பங்கீடு நிலவிய அந்நாளில், நூறாண்டு உறங்கி விழிக்கும் இளவரசி அரோராவிடம் லண்டன் தன்னையே கண்டது எனலாம். 1949 அக்டோபர் 9 அன்று நியூயார்க்கும் அதே பாத்திரத்தில் அவரைக் கண்டு மகிழ்ந்தது. ஒற்றைக் கால்விரல் நுனியில் நின்று, நான்கு இளவரசர்களின் கரங்களை மாறிமாறிப் பற்றி விடுத்த நிலை அவரது முத்திரையாயிற்று.

1961இல் சோவியத் நாட்டினின்று வெளியேறிய ருடால்ஃப் நூரெயெவ், 1962 பிப்ரவரி 21 அன்று 'ஜிசெல்' பாலேயில் அவருக்கு இணையானார். அவருக்கு வயது 23, ஃபான்டெய்னுக்கு 42. ஓய்வை எதிர்நோக்கியிருந்த கலை அன்று மீண்டும் தளிர்த்தது.

அத்தளிரின் நிழல் பிறர்மீதும் விழுந்தது. கென்னத் மாக்மில்லன் தம் 'ரோமியோ ஜூலியட்'டை லின் சீமோரையும் கிறிஸ்டஃபர் கேபிளையும் மனத்திற்கொண்டே அமைத்தார். 1965 பிப்ரவரி 9 அன்று முதற்காட்சியில் ஆடியவர்களோ ஃபான்டெய்னும் நூரெயெவும். திரை 43 முறை விலகியதாகச் சொல்வர். அக்கரவொலியின் பெருமையை ஒப்புக்கொள்ளலாம். சீமோருக்கு நேர்ந்தது அநீதி என்பதை மறுப்பதற்கில்லை. தம் உடலிலேயே உருப்பெற்ற பாத்திரத்தைப் பிறர் முதலில் ஆடக் காண்பது எளிதன்று.

இதற்கு முந்தைய ஆண்டு, 1964இல், பனாமா நாட்டு அரசியல்வாதியான கணவர் ராபர்ட்டோ அரியாஸ் சுடப்பட்டு, கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். ஐம்பதைக் கடந்தும் ஃபான்டெய்ன் ஆடியமைக்கு அவருடைய மருத்துவச் செலவும் ஒரு காரணம். ஆடல் முடிந்ததும் கணவருக்கு உணவூட்டச் சென்ற கைகள் அவை. பின்னாளில் இருவரும் பனாமாவில் கால்நடைப் பண்ணையொன்றில் வாழ்ந்தனர். 1989இல் அரியாஸ் மறைந்தார். புற்றுநோயால் நலிந்த ஃபான்டெய்னுக்குப் பொருளுதவி திரட்ட 1990 மே மாதம் கோவென்ட் கார்டனில் ஆடப்பட்டது 'ரோமியோ ஜூலியட்'தான். 1991 பிப்ரவரி 21 அன்று, நூரெயெவுடன் 'ஜிசெல்' ஆடிய அதே தேதியில், பனாமா நகரில் அவர் காலமானார்.